முன்னவன் இழுக்க, பின்னவன் தள்ள: இரண்டு மாதிரி ரயில் இன்ஜின்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்த நிகழ்வு

பின்னணி

மலேசியாவின் ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சார் போகும் வழியில் இருக்கிறது சுங்கை சிப்புட். சுற்றிலும் தோட்டங்கள். முன்பு பால்மரக் காடாக இருந்த பல இடங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர் என்பதால் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்களைப் போலவே ரயில்வேயில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்களும் இங்கே உண்டு. இந்த நிகழ்வு அப்படிப்பட்ட ஒரு வீட்டின் பின்கட்டில் 2023 மே முதல் ஜூலை வரை நடந்தது.

நாங்கள் ஐந்து பேர். மலேசிய ரயில்வேயான கே.டி.எம்.மில் இன்ஜின் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற 74 வயதுப் பெரியவர் ஒருவர், ஐந்தாம் படிவத்தில் படிக்கும் அவருடைய பேரன், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், வீடுகளுக்கு வயரிங் செய்யும் தம்பி ஒருவர், தொழிற்சாலையில் கருவிப் பராமரிப்பு வேலையில் இருக்கும் நான். ஜூலை மாதம் தமிழ்ப்பள்ளியில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு ஒரு மாதிரி ரயில் அமைப்பை உருவாக்கிக்கொண்டிருந்தோம்.

எதைக் காட்டுவது என்பதில் பெரியவர் உறுதியாக இருந்தார். பாடாங் ரெங்காஸுக்கும் தைப்பிங்குக்கும் இடையில் புக்கிட் பெராப்பிட் மலை இருக்கிறது. இன்று இரட்டைத் தட மின்பாதை 3 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சுரங்கத்துக்குள் புகுந்து மலையைக் கடந்துவிடுகிறது. பழைய ஒற்றைத் தடமோ ஏற்றமும் வளைவும் குகைகளுமாக ஏறி இறங்கியது. பாரமான சரக்கு வண்டிக்கு இரண்டு இன்ஜின் பூட்டி அந்த ஏற்றத்தைக் கடந்த நாட்களைப் பற்றி அவர் சொல்லாத வாரமில்லை. பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விரும்பினார்.

எங்கள் தடம் 16.5 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. மாதிரிகள் 87-இல் ஒரு பங்கு அளவுடையவை. மலேசிய ரயில் பாதை ஒரு மீட்டர் அகலமே என்பதால், உண்மையான அளவு விகிதத்தில் செய்தால் தடம் 12 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அந்த அகலத்தில் கே.டி.எம். இன்ஜின்கள் கடையில் எளிதாகக் கிடைக்காததால், வெளிநாட்டு மாதிரிகளுக்கு கே.டி.எம். வண்ணம் பூசி ஓட்டினோம். அளவு சரியில்லை என்பது தெரிந்தே செய்தோம்.

ஏற்றம் 100-க்கு 2.5. பதினான்கு சரக்குப் பெட்டிகள். ஓர் இன்ஜின் பாதி ஏற்றத்திலேயே சக்கரம் வழுக்கி நின்றது. ஆகவே இரண்டு இன்ஜின் தேவை என்பது கதைக்காக மட்டும் எழுந்த தேவையாக இருக்கவில்லை.

இரண்டு இன்ஜின்கள்

முதலாவது பெரியவருடையது. பதினைந்து ஆண்டுக்கு மேல் ஓடியது. அதற்குள் இருந்த டிகோடரை (கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சிறு மின்னணுப் பலகை), மறைந்துபோன அவருடைய ரயில்வே நண்பர் தம் கையால் பற்றவைத்துக் கொடுத்திருந்தார். இதைப் பழையது என்று குறிப்பிடுகிறேன். இரண்டாவது பேரனுடையது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மாமா வாங்கிக் கொடுத்தது. ஒலி எழுப்பும் டிகோடர் கொண்டது. இது புதியது.

டிசிசி என்னும் எண்முறைக் கட்டுப்பாட்டில் தடம் முழுவதும் எப்போதும் மின்சாரம் இருக்கும். அந்த மின்சாரத்தின் வழியாகவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் அதன் முகவரியிட்டுக் கட்டளை போகிறது. ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் 1980-களின் இறுதியில் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால் எந்த நிறுவனத்தின் டிகோடரும் எந்த நிறுவனத்தின் கட்டளையையும் புரிந்துகொள்ளும். எங்களை ஏமாற்றியது இந்த வசதிதான். "வேகப் படி 40" என்ற கட்டளை இரண்டு இன்ஜினுக்கும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தது. அந்தப் படியில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று எந்தத் தரமும் சொல்லவில்லை. மோட்டாரும் பல்லிணையும் டிகோடரும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன.

முதல் ஓட்டமும் தவறான சந்தேகங்களும்

மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் பூட்டி, கட்டுப்பாட்டுக் கருவியில் இணைத்து ஓட்டினோம். பெட்டி இல்லாமல் சமதளத்தில் ஓடியபோதே கொக்கிகள் அடிக்கொருதரம் மோதிக்கொள்ளும் ஓசை கேட்டது. பதினான்கு பெட்டிகளோடு ஏற்றத்தின் வளைவில் ஏறியபோது முன் இன்ஜினின் பின் போகி (சக்கரங்கள் பொருத்திய சட்டம்) தடம் விட்டு வெளியே விழுந்தது. மூன்று முறை ஓட்டினோம். மூன்று முறையும் அதே இடத்தில் விழுந்தது.

ஒரே இடத்தில் விழுகிறதே, தடத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டினோம். இரண்டு வாரம் அந்த வளைவைப் பிரித்து, ஒட்டுப்பலகையை இழைத்து, மறுபடி போட்டோம். அப்போதும் விழுந்தது. பிறகு கொக்கிகளின் உயரத்தைச் சந்தேகித்தோம். அதற்கும் பிறகு, சொல்லவே வருத்தமாக இருக்கிறது, பழைய இன்ஜினைச் சந்தேகித்தோம். "தாத்தா, உங்கள் இன்ஜினுக்கு வயதாகிவிட்டது" என்று பேரன் சொன்னதும் பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று வேலை அத்தோடு நின்றது.

அடுத்த வாரம் பேரன் இடம் மாற்றிப் பார்த்தான். புதியது முன்னே, பழையது பின்னே. இப்போது வளைவில் விழவில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் பழையதன் சக்கரத்தில் இருந்த ரப்பர் வளையம் ஒன்று கிழிந்து தொங்கியது. தண்டவாளத்தின் மேல் கறுப்புக் கோடு படிந்திருந்தது. கட்டுப்பாட்டுக் கருவியின் மின்னோட்ட அளவைப் பார்த்தோம். தனியே ஓடும்போது பழையது 0.4 ஆம்பியரும் புதியது 0.5 ஆம்பியரும் எடுத்தன. பெட்டியே இல்லாமல் இரண்டும் சேர்ந்து ஓடியபோது 1.3 ஆம்பியர் காட்டியது. மிகுதி மின்சாரம் எங்கே போகிறது?

பெரியவர்தான் கேட்டார்: "கொக்கி ஓசையைக் கவனித்தீர்களா? முன்னவன் இழுக்கிறானா, பின்னவன் தள்ளுகிறானா என்று அதிலேயே தெரிந்துவிடும். இவை இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன."

நிஜ டீசல் மின்சார இன்ஜின்களில் இழுவை மோட்டாரின் வேகம் கூடினால் அதன் இழுவிசை தானாகவே குறையும். அதனால் சிறு வேறுபாடு இருந்தாலும் இரண்டும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். மாதிரி இன்ஜின்களில் நிலைமை வேறு. மோட்டார் திருகு போன்ற பல்லைச் சுழற்ற, அந்தத் திருகு சக்கரத்தைச் சுழற்றுகிறது. திருகு சக்கரத்தை ஓட்டும். சக்கரம் திருகை ஓட்ட முடியாது. வேகமான இன்ஜின் மெதுவானதை இழுத்தால் மெதுவானதன் சக்கரங்கள் கூடுதலாகச் சுழல மாட்டா. தண்டவாளத்தில் தேய்ந்துகொண்டே போகும். கறுப்புக் கோடும் கிழிந்த ரப்பரும் அதற்குச் சாட்சி. வேகமானது பின்னால் இருந்தாலோ, அது கொக்கி வழியாகத் தள்ளி, வளைவில் முன்னதை வெளியே நெம்பிவிடும். தடத்தின் மீதும் பெரியவரின் இன்ஜின் மீதும் மூன்று வாரம் வீணாகப் பழி போட்டிருந்தோம்.

தனித்தனியே அளந்தபோது

சமதளத்தில் இரண்டு மீட்டர் நேர்த்தடத்தின் இரு முனையிலும் வண்ணக் காகிதம் ஒட்டினோம். இரண்டு மீட்டரை 87-ஆல் பெருக்கினால் 174 மீட்டர். ஆகவே அந்தத் தூரத்தைக் கடக்கும் விநாடிகளால் 626-ஐ வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைத்துவிடும். ஆசிரியர் கைக்கடிகாரத்தோடு நின்றார்; பேரன் எழுதினான்.

முதல் நாள் காலையில் எடுத்த அளவுகளைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. மதியம் தகரக் கூரை சூடேறி, இன்ஜின்களும் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அதே படியில் வேகம் கூடியிருந்தது. கிரீஸ் இளகி, மோட்டார் பழகியதும் வரும் மாற்றம் இது. அதன் பிறகு, இரண்டு திசையிலும் இருபது நிமிடம் ஓட்டாமல் எதையும் அளப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

128 படி முறையில், சூடேறிய பிறகு கிடைத்த அளவுகள் இவை. படி 30-இல் பழையது 45 விநாடி, புதியது 26 விநாடி. படி 64-இல் பழையது 14.5, புதியது 11. உச்சப் படியான 126-இல் பழையது 6.6, புதியது 4.6. கிலோமீட்டரில் சொன்னால் உச்சத்தில் 95-க்கு 136. படி 30-இல் 14-க்கு 24. வேறுபாடு எல்லாப் படியிலும் ஒரே விகிதத்தில் இல்லை என்பதே முக்கியம். உச்ச வேகத்தை மட்டும் குறைத்து இதைத் தீர்க்க முடியாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கட்டளை கொடுத்ததும் பழையது உடனே நகர்ந்தது. புதியதோ இன்ஜின் உறுமல் ஓசை ஏறி முடியும்வரை காத்திருந்து நகர்ந்தது. அந்த ஓரிரு விநாடியில் பழையது புதியதை இழுத்துக்கொண்டு திணறியது.

எதை அளவுகோலாகக் கொள்வது

மெதுவானதை வேகமாக்குவதா, வேகமானதை மெதுவாக்குவதா? பேரனுக்கு முதலாவது பிடித்தது. ஆனால் பழையது ஏற்கெனவே தடத்தில் உள்ள முழு மின்னழுத்தத்தில்தான் 95-ஐத் தொடுகிறது. அதற்கு மேல் போக அதனிடம் சரக்கில்லை. மெதுவானதற்கு வேகமானதைக் கட்டுவது ஒன்றே வழி. எனவே பழையதன் விநாடிகளை ஒரு நோட்டில் எழுதி, அதையே அளவுகோலாக்கினோம். அந்த நோட்டு பின்னால் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பயன்பட்டது.

டிகோடரில் நாம் எண் எழுதி மாற்றக்கூடிய ஒவ்வோர் அமைப்புக்கும் சி.வி. என்று பெயர். முதல் வேலையாக முடுக்கத்துக்கான சி.வி. 3, வேகத்தணிப்புக்கான சி.வி. 4 இரண்டையும் இரு இன்ஜினிலும் சுழியாக்கினோம். புதியதில் ஓசைக்காகக் காத்திருக்கும் ஏற்பாட்டை அணைத்தோம். பிறகு புதியதில் மூன்று புள்ளிகளைத் திருத்தினோம்: தொடக்க மின்னழுத்தத்துக்கு சி.வி. 2, நடுப்பகுதிக்கு சி.வி. 6, உச்சத்துக்கு சி.வி. 5. உச்சம் 255 என்றால் 95-க்கும் 136-க்கும் உள்ள விகிதப்படி 178 வர வேண்டும். 178 எழுதி, ஓட்டிப் பார்த்து, 172-இல் நிறுத்தினோம். நடுவிலும் உச்சியிலும் ஒத்துவந்தது. ஆனால் ஏற்றத்தில் எங்களுக்குத் தேவையான 20 முதல் 50 கிலோமீட்டர் வரையில் இன்னும் விலகல் இருந்தது.

ஆகவே 28 படி வேக அட்டவணைக்குப் போனோம். சி.வி. 67 முதல் 94 வரை 28 எண்கள். ஏழு இடங்களை அளந்து திருத்தி, இடைப்பட்டவற்றைச் சீராக நிரப்பினோம். அளப்பதைவிட எளிதான ஒரு வழியைப் பெரியவர் சொன்னார். இரண்டையும் பூட்டாமல், ஒரே சுற்றுத் தடத்தில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓடவிட்டு, இடைவெளி கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்கே புதிய எண்ணை அனுப்ப டிசிசியில் வழி உண்டு என்பதால், பேரன் எண்ணைக் கூட்டிக் குறைக்க, இடைவெளி சுருங்குவதையும் விரிவதையும் கண்ணெதிரே கண்டோம். கடிகாரம் ஒரு சுற்றில் காட்டாத வேறுபாட்டை ஐந்து சுற்று காட்டிவிடும்.

காணாமல் போன இன்ஜின்

அட்டவணையை இயக்க சி.வி. 29-இல் 16-ஐக் கூட்ட வேண்டும். புதியதற்கு நான்கு இலக்க முகவரி இருந்தது, நீண்ட முகவரிக்கு 32, 28 மற்றும் 128 படி முறைக்கு 2, அட்டவணைக்கு 16, கூட்டினால் 50. வயரிங் தம்பி, தாளில் கண்ட 18-ஐ அப்படியே எழுதிவிட்டார். இன்ஜின் செத்துவிட்டது போல நின்றது. டிகோடர் எரிந்துவிட்டது என்று பேரன் கண் கலங்கினான்.

எதுவும் எரியவில்லை. 32 விடுபட்டதால் அது நீண்ட முகவரியை விட்டுவிட்டு, சி.வி. 1-இல் இருக்கும் குறு முகவரிக்கு மாறியிருந்தது. முகவரி 3-ஐ அழைத்ததும் நகர்ந்தது. 50 எழுதியதும் பழையபடி ஆயிற்று. அந்த அரை மணி நேரம் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். மூன்று வாரத்துக்கு முன் இருந்த நிலைமை வேறு.

சமதளத்தில் சரி, ஏற்றத்தில் தவறு

ஜூன் நடுவில் இரண்டும் சமதளத்தில் ஒட்டிப் பிறந்தவை போல ஓடின. மின்னோட்டம் 0.9 ஆம்பியருக்கு இறங்கியது. ஆனால் பெட்டிகளோடு ஏற்றத்தில் ஏறியதும் பழைய சண்டை திரும்பியது. புதியது சக்கரம் வழுக்கத் தொடங்கியது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்த கட்டம் இது. ஒவ்வொன்றுக்கும் ஏழு பெட்டி கொடுத்து, படி 64-இல் தனியே ஏற்றத்தில் இரண்டு மீட்டர் ஓட்டினோம். புதியது 14.9 விநாடி. பழையது 19.

காரணம் டிகோடரில் இருந்தது. சுழலும் மோட்டார் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். புதிய டிகோடர் ஒரு கணம் மின்சாரத்தை நிறுத்தி அந்தப் பின் மின்னழுத்தத்தைப் படித்து, வேகம் குறைந்திருந்தால் கூடுதலாகக் கொடுக்கிறது. பழையதில் அந்த ஏற்பாடே இல்லை. பாரம் ஏறினால் அது தளர்ந்துவிடும். ஏற்றத்தில் பழையது தளர, புதியது விடாப்பிடியாக அதே வேகத்தில் போக முயன்று முழுப் பாரத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. சமதளத்தில் எத்தனை நுணுக்கமாக அட்டவணை போட்டாலும் இது தீராது.

இரண்டு வழிகள் இருந்தன. புதியதில் அந்த ஏற்பாட்டை அணைத்துப் பார்த்தோம். இரண்டும் சேர்ந்தே தளர்ந்தன, சண்டை நின்றது. ஆனால் புதியது மெதுவாகப் புறப்படும்போது துள்ளியது. இரண்டாவது வழி, பழையதற்கும் அதே நிறுவனத்தின் டிகோடரை வைப்பது. விலை ஏறத்தாழ 150 வெள்ளி (ரிங்கிட்). பணம் பெரிய தடையாக இருக்கவில்லை. நண்பர் பற்றவைத்த டிகோடரை அகற்றச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

பெரியவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பிறகு அவரே பற்றுக்கோலை எடுத்து என்னிடம் நீட்டி, "அவன் இருந்திருந்தால் முதலில் மாற்றியிருப்பான்" என்றார். பழைய டிகோடர் இப்போது ஒரு தீப்பெட்டிக்குள், தேதி எழுதி, அவருடைய அலமாரியில் இருக்கிறது.

டிகோடர் மாறியதும் பழையதன் வேகமும் மாறியது. ஆனால் பேரனின் நோட்டில் அதன் பழைய விநாடிகள் இருந்தன. அந்த எண்களுக்கே இதன் அட்டவணையைத் திருத்தினோம். புதியதில் கை வைக்கவே தேவைப்படவில்லை. பின் மின்னழுத்தக் கட்டுப்பாடு அளவுக்கு மீறி இறுக்கிப் பிடிக்காதபடி இரண்டிலும் அதன் வலிமையைச் சற்றுக் குறைத்தோம். ஏற்றத்தில் படி 64-இல் பழையது 15 விநாடியைத் தொட்டது.

முழுப் பொருத்தத்துக்காக நாங்கள் நிற்கவில்லை. கொக்கியின் தளர்வும் சக்கரத்தின் சிறு வழுக்கலும் இரண்டு மூன்று விழுக்காட்டை விழுங்கிவிடும். முன்னதை இம்மியளவு வேகமாக வைத்தோம். வளைவில் தள்ளுவதைவிட இழுப்பது மேல். சமதளத்தில் முன்னது 14.5, பின்னது 14.8. பெரியவரின் இன்ஜின் முன்னே போனது. பின்னோக்கி ஓடும்போது பழையது 15.1 விநாடி எடுத்ததால், புதியதன் பின்னோட்டத்தைக் குறைக்க சி.வி. 95-இல் 123 எழுதினோம். 128 என்பது மாற்றமில்லா நிலை. கடைசியாக இரண்டிலும் சி.வி. 3-க்கும் 4-க்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, சி.வி. 19-இல் 12 என்ற இணை முகவரியை, அதாவது இரண்டும் சேர்ந்து கேட்கும் பொது முகவரியை, எழுதினோம். ஓர் இன்ஜினைத் திருப்பிப் பூட்டுவதாக இருந்தால் அதற்கு மட்டும் 128-ஐக் கூட்டி 140 எழுத வேண்டும்.

கண்காட்சி நாள்

நான்கு மணி நேரம் ஓடியது. ஏற்றத்தில் ஒருமுறைகூட நிற்கவில்லை. இரண்டு முறை பெட்டிகள் தடம் விட்டன. இரண்டுக்கும் ஒரே பெட்டியின் சக்கர இடைவெளி காரணம். அந்தப் பெட்டியை எடுத்துவிட்டோம். பழையதன் ரப்பர் வளையங்கள் மாலையில் புதிதாகவே இருந்தன.

மறுவாரம் பேரன் தன் இன்ஜினைத் தனியே ஓட்ட முயன்றபோது அது அசையவில்லை. சி.வி. 19-இல் 12 அப்படியே இருந்தது. இணை முகவரி இருக்கும்வரை டிகோடர் தன் சொந்த முகவரியின் வேகக் கட்டளையைக் கேட்பதில்லை. சுழி எழுதியதும் ஓடியது. இந்த முறை யாரும் பதறவில்லை.

அடுத்த முறை வேறாகச் செய்வது

பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு இன்ஜினையும் தனியே அளப்போம். வளைவைப் பிரித்துப் போட்ட இரண்டு வாரம் அதனால் மிஞ்சியிருக்கும். சமதள அளவோடு நிறுத்தாமல், பாரத்தோடு ஏற்றத்திலும் முதல் நாளே அளப்போம். ஏதாவது ஒரு சி.வி.யை மாற்றும் முன் அதில் இருந்த எண்ணை எழுதிவைப்போம், சி.வி. 29 எங்களுக்கு அதைக் கற்பித்தது.

படி 126-ஐப் பொருத்துவதற்குச் செலவிட்ட மூன்று மாலைகள் தேவையற்றவை என்பது என் கருத்து. கண்காட்சியில் படி 70-ஐத் தாண்டவே இல்லை. பயன்படும் வேக எல்லைக்குள் துல்லியமாகவும் அதற்கு வெளியே தோராயமாகவும் பொருத்தினால் போதும். ஆசிரியருக்கு இதில் உடன்பாடு இல்லை. பிள்ளைகள் கையில் கருவி போனால் முழு வேகத்துக்குத் திருகிவிடுவார்கள் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது இன்ஜின் ஒன்று இப்போது வந்திருக்கிறது. அதையும் மற்ற இரண்டோடு ஒப்பிடாமல் நோட்டில் உள்ள விநாடிகளோடுதான் ஒப்பிடப் போகிறோம். படி 30-இல் அது 31 விநாடி எடுக்கிறது. நோட்டு 45 என்கிறது.